தயிருக்குப் பக்கத்தில் பியோனி

குதைபியாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே கலீல் ரஹ்மான் காக்கா கோல்ட் ஸ்டோர் நடத்துகிறார். பஹ்ரைனில் மளிகைக்கடைக்கு அதுதான் பெயர். கீழக்கரைக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கட்டுக் கீரையைத் தவிர பச்சையாக எதையும் தொட்டுப் பார்த்திராதவர். அவரைத் தோட்டக்காரர் ஆக்கியது மகள் ஆலியா.

ஆலியாவுக்கு நெதர்லாந்தில் வேலை. அக்டோபரில் லீவில் வந்தவள், பியோனிக் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து பால்கனித் தொட்டியில் நட்டாள். குளிர்நாட்டுப் பூ, ரோஜாவுக்குப் பெரியம்மா மாதிரி இருக்கும். கிளம்பும்போது, "இது பூத்ததும் வர்றேன் வாப்பா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கு அது விளையாட்டு. அவருக்கு அது டிக்கெட்.

மண் உறைந்த பிறகு வைக்கோல் போட்டு மூடவேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். டிசம்பரில் குதைபியா ஜனங்கள் ஏசியை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மண் எங்கே உறைவது? காக்கா தினமும் விரலை விட்டுப் பார்த்தார். பொறுமை போனதும் தொட்டியை பாலிதீனில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், கடையில் குளிர்பானம் வைக்கும் சில்லரில் தயிர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வைக்கோலுக்குப் பதிலாக ஆப்பிள் பெட்டியில் வந்த காகிதத் துருவல். அதற்கும் மேலே தன்னுடைய மஃப்ளர்.

அவர் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் பார்த்துவிட்டு, "குளிர வைக்கிறதும் நீங்கதான், போத்தி விடுறதும் நீங்கதானா?" என்று கேட்டார்.

நான் தயிர் எடுக்கப் போனால், கதவைத் திறந்து வைக்காதே என்று அதட்டுவார். செடிக்குச் சூடு பட்டுவிடுமாம். தயிர் வாங்குகிறவனுக்கு மரியாதை இல்லையே என்று ரோஷப்பட்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே தயிர் புளித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பிப்ரவரியில் ஆலியா வீடியோவில் வந்தாள். காக்கா பெருமையாக சில்லரைத் திறந்து காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். நானும்தான். சிரித்து முடித்து, இதமாகச் சொன்னாள்:

"வாப்பா, புதுசா நட்டது மொத வருசம் பூக்காது. ரெண்டு மூணு வருசம் ஆவும்."

காக்கா சில்லர் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

"அது பூக்குறப்போ பூக்கட்டும். நீ வாம்மா. எனக்கு ஒன்னைத்தான் பாக்கணும்."

எப்போதும் போனைப் பிடுங்கிக்கொள்ளும் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், அன்றைக்கு அதை அவர் கையிலேயே விட்டுவிட்டார்.