மொண்டெல்லோவில் பரா லைற்

மொண்டெல்லோக் கடற்கரையில், வானியல் ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மதுரைக்காரி செல்வியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும், பரா லைற் அடித்துவிட்டார்கள் என்றே நம்பினேன். ஊரில் போர்க்காலத்தில் எங்கள் வானத்தில் பரசூட்டில் தொங்கிய அதே வெளிச்ச உருண்டை! “படுங்கோ!” என்று கத்திவிட்டு, ஐம்பது வயது உடம்பை மணலில் குப்புறப் போட்டேன். பக்கத்தில் நின்ற இத்தாலியச் சிஞ்ஞோரா நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தானும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அண்ணே, அது நட்சத்திரக் கொத்துண்ணே! லட்சக்கணக்குல ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு. எந்திரிங்க!”

“ஓம் தங்கச்சி, எழும்பிறன்,” என்றேன், எழும்பவில்லை. ஈரமணல் மூக்கில் ஏறியிருந்தது.

அது எங்கள் வீட்டுப் பதுங்குகுழியின் மணம். பனங்குற்றியில் ஊறிய மழையும், மண்மூட்டைச் சாக்கும், அம்மா அவசரத்தில் கையோடு தூக்கிவந்த புட்டின் ஆவியும் கலந்து, வெளிச்சம் மேலே தொங்கும்வரை ஒருவரும் அசையக்கூடாதென்பதால் அக்காவின் முழங்கால் என் விலாவிலும், அப்பாவின் கை எங்கள் எல்லோர் மேலுமாக நெருக்கிக் கிடக்கிற மணம். “மெல்ல மூச்சு விடடா, உன்ரை காத்துக்கு லைற் அணைஞ்சிடும்,” என்று அக்கா காதுக்குள் கிண்டலடிப்பாள். நான் உண்மையாகவே மூச்சை அடக்குவேன். அணைந்தால் அப்பா கையை எடுத்துவிடுவாரே.

வீட்டோடு அந்தக் குழியையும் பிறகு நிரவிவிட்டார்கள். குழிக்குள் இருந்தவர்களில் இப்போது நான் மட்டும்தான்.

எழும்பி மறுபடி தொலைநோக்கியில் பார்த்தேன். வெளிச்சம் அணையவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏசத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.