ஆடிக் காற்றில் மேலேறும் தண்ணீர்

என் தம்பி கடலில் போனது ஓர் ஆடி மாதம். வள்ளம் கவிழ்ந்து மூன்று பேர் கரை சேர்ந்தார்கள், அவன் சேரவில்லை. உடல் கிடைக்காததால் அவனுடைய சட்டையையும் இடுப்பில் கட்டும் சாரத்தையும் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். அதற்குப் பிறகு குமரிக் கடற்கரையில் அம்மாவைத் தனியே விட மனம் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில், வேலைக்காக நான் வாடகைக்கு இருந்த அறைக்கே கூட்டி வந்துவிட்டேன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிச் சுவர்தான், அலைச் சத்தம் கேட்காது, தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.

அம்மா மீனைத் தொடுவதை நிறுத்தியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் சாளை மீன் வாங்கி, அவளுக்குப் பிடித்த மாதிரி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

“அவன இதுகதான தின்னிருக்கும்?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விலங்கியல் படித்தவள் நான். ஒரகடத்தில் லைனில் வரும் கார் பாகங்களில் கீறல் தேடும் என் வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனாலேயே படித்ததைச் சொல்லிக்காட்ட ஆள் கிடைத்தால் விடமாட்டேன். “யக்கா, மொதல்ல நீச்சல் படிச்சிட்டு வா, பொறவு கடலப் பத்திப் பேசு” என்று கேலி செய்யத் தம்பியும் இல்லை.

சாளை ஆளைத் தின்னாது, தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியையும் பூச்சியையும்தான் தின்னும் என்றேன். கடலில் செத்தது எதுவும் வீணாகாது. அடியில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க, நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாகத் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும், வயலுக்கு இடும் உரம் மாதிரி. ஆனி, ஆடிக் காற்று மேல்தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும்போது, அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த உரத்தோடு மேலே ஏறும். வெயில் பட்டதும் பாசி பெருகும், அதைத் தின்று மீன் பெருகும். தண்ணி குளிர்ந்தால் வலையில் மீன் படும் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான் என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். “அப்ப அவன் தண்ணியிலதான் கரஞ்சி கெடக்கான், இல்லியா மக்ளே?”

“ஆமாம்மா. எதுவும் அழியாது.”

அவள் முகம் லேசாகத் தெளிந்தது. நானும் பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி குழம்பு முழுவதையும் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கார அம்மா என்னை வாசலில் மடக்கினார். “இன்னாமா, நான் குடுத்த ரசத்த உங்கம்மா தொடாமயே வச்சிகினு கீது. கேட்டா உப்பு வாணாங்குது. பிரஷரா?”

பிரஷர் ஏதும் இல்லை. கேட்டபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அந்தத் தண்ணியிலருந்துதான உப்பு எடுக்குது.”

உப்பளம் இருப்பது வேறு கடல் என்றேன். கடலெல்லாம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாதா? கெஞ்சினேன், கத்தினேன். அவளுக்குத் தெரியாமல் உப்புப் போட்டு வைத்தால் நாக்கில் பட்டதும் துப்பினாள். தம்பிக்காக அழுததைவிட அந்த நாட்களில்தான் அதிகம் அழுதேன். அவன் போனதற்கு நான் காரணமில்லை; இதற்கு என் வாய்தான் காரணம்.

ஒரு நாள் ஷிப்டில் இருந்தபோது போன் வந்தது. அம்மா குழாயடியில் மயங்கி விழுந்திருந்தாள். நான் போவதற்குள் வீட்டுக்கார அம்மா கிளினிக்கில் சேர்த்திருந்தார். உடம்பில் உப்பு ரொம்பக் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசி குத்தியபோது அம்மா கண் திறந்து, அது என்ன என்று கேட்டாள். நான் கண்ஜாடை காட்டுவதற்குள் நர்ஸ் சொல்லிவிட்டாள்.

“உப்புத் தண்ணிதாம்மா.”

கையை உதறுவாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாரானேன். உதறவில்லை. சொட்டுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லி, காதருகில் சொன்னாள்.

“மெதுவா விடச் சொல்லு மக்ளே. பிள்ள வாறான்.”

நான் போய் நர்ஸிடம் மெதுவாக விடச் சொன்னேன்.