அக்காவின் பாட்ஜும் என் தொண்டையும்

மே பதினேழு நோர்வேயின் தேசிய நாள். இந்த வருடம் அதைப் பார்க்கச் சுவிஸிலிருந்து அக்கா வந்திருந்தார். காலையில் நான் கோட்டில் சிவப்பு, வெள்ளை, நீல நாடாவைக் குத்திக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையிலிருந்து சின்ன பாட்ஜ் ஒன்றை எடுத்துத் தன் கோட்டில் குத்தினார். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. சுவிஸின் நாளான ஓகஸ்ட் முதலாம் திகதிக்கு ஒவ்வொரு வருடமும் புது வடிவில் பாட்ஜ் வரும். அக்கா ஒரு வருடமும் வாங்காமல் விட்டதில்லை.

"இண்டைக்கு எங்கடை நாள், அக்கா. உங்கடையை ஓகஸ்டிலை குத்துங்கோ."

"உங்கடை நாளிலை என்ன கிடக்கு? எங்கடை நாட்டிலை மலையெல்லாம் நெருப்பு மூட்டுவினம். பிள்ளையள் வெளிச்சக்கூடு கொண்டு போவினம். பேக்கரிப் பாணிலையும் கொடி குத்தியிருக்கும்."

"இஞ்சை ஊர்வலம் போறதே பிள்ளையள்தான். ஆமி இல்லை, டாங்கி இல்லை."

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டிலை பிறந்தனீங்கள்தானே?"

மகள் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறாள். முதல் நாளே சொல்லியிருந்தாள்: "வாசிக்கேக்கை நான் தலையைத் திருப்பேலாது, அப்பா. போன முறை அம்மா கத்தினவ. இந்த முறை அவவுக்கு வேலை. நீங்கள் ஹுர்ரா எண்டு கத்தினால்தான் நிக்கிறியள் எண்டு தெரியும்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் பிழையாகத்தான் வரும் என்று பயம். இங்கு வந்த புதிதில், இதே நாளில் ஒருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். பிறந்தநாளுக்கும் அதே வாழ்த்துத்தான். இன்று எனக்குப் பிறந்தநாள் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு இந்த நாளில் தலையை மட்டும் ஆட்டுவேன்.

"நீ கத்தினால் பாட்ஜைக் கழட்டித் தாறன்," என்றார் அக்கா. "எனக்கு நட்டம் வராது."

ஊர்வலம் பார்க்க, ராஜாவின் அரண்மனைக்குப் போகும் தெருவில் நின்றோம். பள்ளிக்கூடப் பதாகை வந்தது. அதன் பின்னால் வரிசையின் ஓரத்தில், கன்னம் உப்பி, கண்ணை நேரே வைத்தபடி என் மகள். இவ்வளவு சனத்துக்கு நடுவில் அவள் வாசித்தது எனக்குத் தனியாகக் கேட்டது. அவள் எங்களைக் கடக்கப் போனாள். வாயைத் திறந்தேன்.

"அரோகரா!"

தேருக்கு மட்டும் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை அது. அக்காவும் யோசிக்காமல் "அரோகரா" என்றார். முன்னால் நின்ற நோர்வே முதியவர் கொடியை ஆட்டி "ஹுர்ரா" என்றார். அவருக்குக் கடைசி எழுத்து மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

மகள் தலையைத் திருப்பவில்லை. ஆனால் ட்ரம்பெட்டை விட்டு வாய் விலகி, பல் தெரிந்தது. பிறகு மறுபடி ஊதினாள்.

"உங்களாலை ஒரு இடம் விட்டிட்டன்," என்றாள் பிறகு, ஐஸ்கிரீமோடு. "பக்கத்திலை வாசிச்ச பிள்ளை அதென்ன சொல்லெண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனீ?"

"தமிழ் ஹுர்ரா எண்டனான். என்ரை அப்பா எண்டும் சொன்னனான்."

அக்கா பாட்ஜைக் கழற்றி என் நாடாவுக்குப் பக்கத்தில் குத்தினார். எங்கள் வீடு இருக்கும் ஸ்டோவ்னருக்குத் திரும்பும் ரயிலில் எதிரே இருந்த பெண் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன், அந்தப் பெட்டி முழுவதற்கும் கேட்க.