கடைசியில் ஓடும் பெயர்கள்

திரையில் ஆட்டம் முடிந்து, செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறத் தொடங்கியதும் தொகிஹிகோ எழுந்து போய்த் தேநீருக்கு வெந்நீர் வைப்பான். பெயர்கள் ஓடி முடியும்வரை கெட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த வரிசையில் தோக்கியோ கம்பெனியின் வாசல் காவலாளி பெயர்கூட இருக்கும். ஆட்டத்தைச் செய்தவன் பெயர் இருக்காது.

என் மூத்த அக்காவின் கடைசி மகன் இவன். தகமாத்சு ஊரில் என் ஊடோன் நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில், ஏழு பேரை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷமாக வீடியோ கேம் செய்கிறான். இதுவரை முப்பத்தொன்பது. எல்லாம் தோக்கியோக்காரர்கள் பெயரில். வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஒப்பந்தம். மகன் டிவி ரிப்பேர் செய்கிறான் என்ற நம்பிக்கையிலேயே அக்கா புருஷன் கண்ணை மூடினார். அவர் வீட்டு டிவி கெட்டபோது இவன் போய்த் தட்டித் தட்டிப் பார்த்த கூத்து தனிக்கதை.

போன மாசம் இவனைத் தேடிக் கௌரவம் வந்தது. மீன்பிடி ஆட்டம் ஒன்று. மூன்று மாத வேலை பாக்கி இருக்கும்போதே, புத்தாண்டு விற்பனைக்கென்று தோக்கியோ பிடுங்கிக்கொண்டு போனது. ஆட்டத்தில் துறைமுகத்தைத் தாண்டியதும் படகு தானாக மூழ்கியது. வாங்கினவர்கள் நாடு முழுக்கத் திட்டினார்கள். கம்பெனி அதிகாரி ஹிராத்சுகா ஃபோன் செய்தபோது, சாப்பிட்ட கிண்ணங்களை எடுக்க நான் மேலே போயிருந்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் பேசினார்.

“முதலாளி, இத்தன வருஷம் உங்க பேரு வரலையேன்னு எங்களுக்கும் உறுத்தல்தான். இந்தத் தடவ எட்டுப் பேர் பேரையும் போட்டுடுறோம், மன்னிப்பு அறிக்கையில. எழுதி முத்திரை குத்தி அனுப்புங்க. அனுப்பினா அடுத்த ஆட்டமும் உங்களுக்குத்தான்.”

“ரொம்பப் பெரிய மனசு” என்று இவன் ஃபோனுக்கே குனிந்து வணங்கினான். இடுப்பு அப்படிப் பழகிவிட்டது.

படம் வரையும் கன்னோவுக்குப் பொறுக்கவில்லை. “இருபது வருஷமா கேட்ட பேரு. எங்கம்மா அத இதுலதான் பாக்கணுமா, முதலாளி?”

“திட்டுறதுக்காவது நம்மளத் தேடுறாங்களேம்மா.”

“நக்கலா? இதுல பேரு வந்தா நாளைக்கு எந்தக் கம்பெனி எங்கள உள்ள விடும்?”

அவன் கம்பெனி அனுப்பியிருந்த தாளை எடுத்து வைத்தான். பெயர் போட அதில் எட்டு வரி இருந்தது. முதல் வரியில் தன் பெயரை எழுதினான். மிச்ச ஏழு வரிகளுக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

“ஏன்டா, அவன் எட்டுப் பேரையில்ல கேட்டான்?” என்றேன்.

“நான் ஒருத்தன்தான் செஞ்சேன், சித்தி.”

பெரிய இடத்துக்குப் போகும் தாளில் முத்திரை கொஞ்சம் சாய்ந்துதான் விழவேண்டும், தலை குனிந்த மாதிரி. ஆபீஸ் மரியாதை அது. தொகிஹிகோ தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றினான். ஸ்கேலை எடுத்துத் தாளின்மேல் வைத்தான். முத்திரையை அதையொட்டி நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் அழுத்தினான்.