மண்ணுக்குள் போன வலை

சாலைக்கு அடியில் வலை விரிப்பது என் தொழில். ஜல்லியும் தாரும் மேலே விழுந்தபின் நான் என்ன கிழித்தேன் என்று என் மனைவிக்குக்கூடக் காட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத வேலை பார்த்துத் திட்டு மட்டும் வாங்கும் நண்பர்களே, உங்களுக்குப் புரியும்.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டச் சாலை. மழை பெய்தால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி சக்கரம் முங்கப் புதைந்துவிடும். சேற்றை முழுக்கத் தோண்டி எடுக்கலாம் என்றார் முதலாளி. வேண்டாம், அடியில் ஜியோகிரிட் வலை போட்டால் போதும் என்று வாயை விட்டவன் நான்தான். "லோரி புதைஞ்சா நீ பழையபடி ஸ்டோர்ல சிமெந்து மூட்டை எண்ணலாம்" என்றார் அவர்.

லெட்சுமி அக்காவின் சந்தேகம்

வலையைப் பிரித்ததும் சாலையோரம் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி விற்கும் லெட்சுமி அக்கா வந்துவிட்டார். கறுப்பு பிளாஸ்டிக், கட்டம் கட்டமாக ஓட்டை. ஓட்டைகளில் ஜல்லி சிக்கிக்கொள்ளும், சேற்றுக்குள் இறங்காது, லோரியின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவிவிடும் என்று விளக்கினேன். தேத்தண்ணி ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. இவ்ளோ அழகா இருக்கு, இத ஏன் மண்ண போட்டு மூடுற? மேல போட்டா நாங்களும் பாப்போம்லா!"

நாலு எலுமிச்சம்பழம்

வெறும் வலைமேல் வண்டி ஏறக் கூடாது. ஜல்லி கொட்டியபின்தான் ஏறலாம். இதை மண் தோண்டும் பேக்ஹோ ஓட்டும் முனியாண்டியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அவன் வண்டிக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். பூஜை போட்ட வண்டி பின்னால் போகக் கூடாதாம். முன்னால்தான் போனான். முன்னால் என் வலை இருந்தது.

பழம் நசுங்கியது, வலையும் கிழிந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். முனியாண்டி சாவகாசமாக இறங்கி, கிழிசலைக் குனிந்து பார்த்தான்.

"நாலு எலுமிச்சம்பழத்துக்கே தாங்கல. நாளைக்கு லோரிய எப்படிண்ணே தாங்கும்?"

பாகற்காய்ப் பந்தல்

கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட, மிச்சம் வெட்டி வைத்த துண்டைத் தேடினால் காணோம். வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் கோழிக்கூண்டு, இன்னொரு வீட்டில் துணி காயப்போடும் தட்டி, எல்லாம் என் வலை! எனக்குத் தேவையான பெரிய துண்டு லெட்சுமி அக்கா வீட்டுக் கொல்லையில் பந்தலாக நின்றது. தரையில் கிடந்த பாகற்கொடியைப் பாதிவரை ஏற்றிக் கட்டியும் விட்டிருந்தார். அவிழ்க்கப் போனேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கோ தம்பி, நான் வேணாம்னு சொல்லல. ஆனா காய் முத்துற வரைக்கும் கொடிய நீயே புடிச்சிக்கிட்டு நில்லு."

முதல் லோரி

மூங்கில் பந்தல் போட்டுக் கொடுத்தபிறகுதான் துண்டு கிடைத்தது. ஒட்டுப்போட்டு, ஜல்லி நிரப்பி, உருளை ஓட்டி முடித்தோம். அப்புறம் ஒரு வாரம் விடாத மழை.

லோரி வருகிற அன்று தோட்டமே குடையோடு திரண்டிருந்தது. இழுத்துவிட டிராக்டரும் சங்கிலியும் தயார். முதலாளி காருக்குள்ளேயே இருந்தார். செம்பனைக் குலை மலைபோல் குவிந்த லோரி ஒட்டுப்போட்ட இடத்துக்கு வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நானே அந்தச் சங்கிலியைத்தான் பார்த்தேன். முனியாண்டி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். லோரி ஏறியது, லேசாக ஆடியது, போயே போய்விட்டது. முதலாளி கண்ணாடியை இறக்கி, "திங்கக்கிழம அடுத்த வலையோட ஆயர் குரோ சைட்டுக்கு வந்துரு" என்றார். அழுகையே வந்துவிட்டது எனக்கு, நல்லவேளை, மழை.

யாரும் கை தட்டவில்லை. இழுகூலி போன டிராக்டர்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சங்கிலியைச் சுருட்டினார். லெட்சுமி அக்கா குடையை உதறினார்.

"என்னா தம்பி, ஒண்ணுமே நடக்கல! இதுக்கா கடைய சாத்திட்டு வந்தேன்?"

நம் தொழிலில் வெற்றி என்பது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஏமாந்து வீட்டுக்குப் போவதுதான்.