நான் தின்றதால் வந்ததல்ல

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தபோது நடந்தது இது. அப்போது மலேசியாவில், ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் குடியிருந்தோம். ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போய்வருவேன்.

ஐந்தாம் மாதத்தில் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்று சொல்லிவிட்டார்கள். நானோ ஒல்லி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது கிடையாது. அதனால் வீட்டில் எல்லாரும் கண்டுபிடித்த ஒரே காரணம் என் வாய்தான். “கண்டதையும் திங்காதன்னு சொன்னேன்லா, கேட்டியா?” என்று நாத்தனார் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். என் கணவரோ ஒருநாள் சீனி டப்பாவை எடுத்து எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். நாத்தனார் பேச்சைவிட அதுதான் வலித்தது.

இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். நான் சோற்றைக் குறைத்து, பிறகு ஏறக்குறைய விட்டேவிட்டேன். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்னால்தான் என்ற நினைப்பில், தட்டைப் பார்த்தாலே பயம்.

ஒரு பரிசோதனை நாளன்று காலையும் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு துண்டு ரொட்டியைக் கடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே நல்ல கூட்டம். முறைக்காகக் காத்திருந்தபோதே உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண், அவரும் கர்ப்பிணி, சட்டென்று என் கையைப் பிடித்தார்.

“ஊசி போட்டுட்டு சாப்பிடலையா?”

இல்லை என்று தலையாட்டினேன். பையிலிருந்து சாக்லேட் பால் எடுத்து, குழலைக் குத்தி நீட்டினார். “வேணாங்கா, இனிப்பு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இப்ப இனிப்புதான் மருந்து. குடி லா!” என்று அதட்டினார். குடித்தேன். அதற்குள் தாதியையும் கூப்பிட்டுவிட்டார். தாதி விரலில் குத்திப் பார்த்து, ரத்தத்தில் சீனி ரொம்ப இறங்கியிருக்கிறது, நல்லவேளை குடித்தாய் என்றார்.

நடுக்கம் நின்றதும் பேசிக்கொண்டிருந்தோம். அந்த அக்காவின் கணவருக்குத் தெலுக் இந்தானில் சாப்பாட்டுக் கடை. முதல் பிள்ளையைச் சுமந்தபோதே அக்காவுக்கும் இனிப்பு நீர் வந்து ஊசி போட்டிருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும், இனி எதற்கு என்று அக்காவே ஊசியை விட்டுவிட்டாராம். சில மாதங்களில் கடையிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அப்புறம்தான் ரத்தத்தில் வேறொரு சோதனை செய்திருக்கிறார்கள்.

“உடம்புல இன்சுலின் ஊறுற எடத்த நம்ம உடம்பே தாக்குதாம்மா. அது தெரியாம, நான் தின்னதாலதான்னு எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? நீயும் ஒல்லியா இருக்க. டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு.”

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று சொல்லி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு வந்த அன்று கணவரும் கூட வந்திருந்தார். ஆன்டிபாடி இருக்கிறது என்றார் டாக்டர். என் உடம்பின் காவல் படையே வழி தவறி என்னைத் தாக்குவதற்கான அடையாளமாம் அது. “அப்போ, இவ சாப்பிட்டதால வந்ததில்லையா?” என்று கணவர் கேட்டார். இல்லவே இல்லை என்றார் டாக்டர். பட்டினி கிடக்கவும் கூடாது என்று கண்டித்து அனுப்பினார்.

காரில் ஏறியதும் கணவர், “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி இருவரும் சோறு சாப்பிட்டோம். பல வாரங்களுக்குப் பிறகு அழாமல் சாப்பிட்ட சாப்பாடு அது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். சீனியும் இறங்கியது, டாக்டரே ஊசியை நிறுத்தினார். “எல்லாம் போயிருச்சு லா” என்றார் நாத்தனார். ஆனால் திரும்ப வரும், விரலில் குத்திப் பார்ப்பதை விடாதே என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். விடவில்லை. மகள் தவழத் தொடங்கும் முன்பே அளவு ஏறியது. உடனே போய்க் காட்டி, மறுபடி ஊசியைத் தொடங்கினேன். மயங்கி விழும் நிலைக்கு நான் போகவே இல்லை.

அந்த அக்காவை மறுபடி பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. நோய் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அதை நான் செய்த தப்புக்குக் கிடைத்த தண்டனையாகச் சுமக்காமல், ஒரு நோயாக மட்டும் பார்க்க முடிகிறதே, அது அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.