எழுபது டிகிரிதான் பூஜ்யம்

சிமென்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் மனைவி முந்திரி உடைத்து விற்கிறாள். உடைத்த பருப்பை மின்சார டிரையரில் காயவைத்த பிறகுதான் தோலை உரிக்க முடியும். இந்தக் கோடையில் உரிக்கும்போதே பருப்பில் பாதி பிளந்தது. "அடுத்த லோடும் இப்படி ஒடஞ்சு வந்தா எடுக்க மாட்டேங்க்கா" என்று அரியலூர்க் கடைக்காரர் சொல்லிவிட்டார். அவள் நன்றாகத்தான் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

வெப்பத்தையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கக் கணினியில் பதின்மூன்று சோதனைகளுக்குத் திட்டம் போட்டேன். அது டிகிரியும் மணியும் தராது. நடுவுக்குப் பூஜ்யம், கீழே மைனஸ் ஒன்று, மேலே பிளஸ் ஒன்று, அவற்றையும் தாண்டிய இரண்டு ஓரங்களுக்கும் மைனஸ், பிளஸ் ஒன்று புள்ளி நான்கு ஒன்று. அப்படியே சீட்டெழுதித் தட்டுகளில் ஒட்டினேன்.

"பூஜ்யம்னு போட்டுருக்கு. டிரையரப் போடவே வேணாமாங்க?" என்றாள்.

"பூஜ்யம்னா எழுபது டிகிரி."

"அப்ப எழுபதுன்னே எழுதுறதுக்கென்ன? மைனஸ் ஒண்ணுக்கு ஐஸ் பொட்டியில வெக்கணுமோ?"

உட்கார்ந்து மாற்றினேன். டிரையர் அறுபதிலிருந்து எண்பது வரை ஓடும். அவை இரண்டையும் மைனஸ் ஒன்று, பிளஸ் ஒன்று என்று வைத்தால் ஓர் அலகுக்குப் பத்து டிகிரி. மேல் ஓரத் தட்டுக்குப் பெருக்கினேன். எண்பத்து நான்கு வந்தது! டிரையரின் முள் எண்பதோடு நின்றுவிடும். கணக்கை நான்கு தடவை போட்டும் அதேதான். எல்லையை ஓரத் தட்டுக்கு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? பத்தை ஒன்று புள்ளி நான்கு ஒன்றால் வகுத்தேன். அலகு ஏழு டிகிரியாகச் சுருங்கியது. மைனஸ் ஒன்று அறுபத்து மூன்று, பிளஸ் ஒன்று எழுபத்தேழு. நான்கிலிருந்து எட்டு வரை வைத்திருந்த மணிக்கணக்கையும் இப்படியே திருத்திவிட்டுப் பழைய சீட்டுகளைக் கிழித்தேன்.

"ஒட்டுறதும் கிழிக்கிறதும்... ஆபீஸ் நல்லாத்தான் நடக்குது" என்று சிரித்தாள்.

பதின்மூன்றும் முடிந்தபின், வெப்பத்துக்குப் புள்ளி நான்கு, நேரத்துக்குப் புள்ளி ஏழு என்று கணினி விடை சொன்னது. இந்த முறை அவளிடம் எழுபத்து மூன்று டிகிரி, ஏழு மணி நேரம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஒரு கைப்பிடிப் பருப்பை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து ஊதினாள். தோல் பறந்தது. எண்ணினேன், இருபத்தொன்று. ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

"கடக்காரருக்குப் போனப் போடுங்க" என்றவள், நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து டிரையரில் எழுபத்து மூன்றின் மேல் ஒட்டினாள்.

பொட்டின் அகலமே ஒரு டிகிரி இருக்கும். போனை எடுத்தேன்.